உப்புக்காற்றில் சைக்கிள் செயின்: நான் சரிசெய்த விதம்

ஐப்பசி, கார்த்திகையில் மண்டபம், பாம்பன் பக்கம் தினமும் வேலைக்கு சைக்கிளில் போனால் முதலில் கெடுவது செயின்தான். மழை மட்டும் காரணமில்லை. வாடைக்காற்றோடு வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழை விட்டாலும் துரு விடாது. கூடவே பொடிமணல்.

என் செயின் கரகரத்தது. பெடலைப் பின்னால் சுற்றினால் சில கண்ணிகள் மடங்கியபடியே நின்றன. முதலில் நல்ல தண்ணீரில் கழுவினேன். மண்ணெண்ணெயில் உப்பு கரையாது என்பதால் இதை விடவே கூடாது. காய்ந்ததும் மண்ணெண்ணெய் தொட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். இறுகிய கண்ணியைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் இளகும். பிறகு 90 நம்பர் கியர் ஆயில், கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் உருளை ஒன்றுக்கு ஒரே சொட்டு. பெடலைச் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்து வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். வெளியே வழிந்தால் மணல் ஒட்டி அரம்போலப் பல்சக்கரத்தின் பல்லைத் தின்னும். மேலே கிரீஸ் அப்புவதை நான் ஒப்புவதே இல்லை.

புதுச் செயினில் 24 கண்ணி, ஆணிக்கு ஆணி, சரியாக 12 அங்குலம். அது தேய்ந்து நீண்டு 12⅛ ஆகிவிட்டால் எண்ணெய் விட்டுப் பயனில்லை. செயினோடு பிரீவீலையும் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயின் வழுக்கும்.

நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. நிறுத்துமிடத்துக்கு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுங்கள்.