நேரடி நுழைவு ஒரு கணக்கு, வரிசை வேறு கணக்கு: நாக்அவுட் போட்டிக்கு அட்டவணை போடும் முறை

தை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் வட்டாரத்தில் கண்மாய்க் கரையிலும் ஊர்ப் பொட்டலிலும் கபடிக்குக் கோடு போட்டுவிடுவார்கள். இருபது ஊர் அணிகள் பெயர் கொடுக்கும். இரண்டு இரவுக்குள் முடிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு அணிகளுக்குத்தான் இடம் இருக்கும். யாரை நேரடியாகச் சேர்ப்பது, யாருக்கு முதல் சுற்றில் 'பை' (ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை) கொடுப்பது, யாரோடு யாரை மோதவிடுவது என்ற மூன்று கேள்விகளில்தான் விழாக் குழுக்கள் தடுமாறுகின்றன. பல ஆண்டுகளாக எங்கள் பக்கத்துப் போட்டிகளுக்கு அட்டவணை எழுதிவருபவன் என்ற முறையில், நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவறு. ஒரு பொங்கலில், சென்ற ஆண்டு கோப்பை வென்ற ஊருக்கு நேரடி நுழைவும் கொடுத்து, காலிறுதி வரை 'பை'யும் கொடுத்தோம். அந்த அணியின் நல்ல ஆட்டக்காரர்கள் நால்வர் அதற்குள் வேலைக்காக வெளிநாடு போயிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற ஊர்களின் பெயர்களைத் தூக்குச்சட்டியில் சீட்டாகப் போட்டுக் குலுக்கினோம். அந்த ஆண்டு வட்டாரத்திலேயே வலுவான இரண்டு அணிகளும் முதல் இரவிலேயே மோதிக்கொண்டன. தோற்ற அணியின் தலைவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தல் காலில் கட்டியிருந்த அட்டவணைத் தாளின் முன்னால் வந்து நின்று, தன் ஊர்ப் பெயரில் விரலை வைத்து, கோட்டின் வழியே இறுதி ஆட்டக் கட்டம் வரைக்கும் மெதுவாக நகர்த்திப் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

நாங்கள் செய்த அதே தவறை மிகப் பெரிய அளவில் செய்து, மறு ஆண்டே திருத்திக்கொண்டவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்காரர்கள். அது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே மேல்நிலைப் பிரிவில் மட்டும் 2024ஆம் ஆண்டில் 134 கல்லூரி அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள்தாம் ஆடும். அவற்றிலும் பெரும்பாலானவை தன் கூட்டமைப்புக்குள்ளேயே, அதாவது தான் சேர்ந்திருக்கும் கல்லூரிக் குழுவுக்குள்ளேயே நடக்கும். ஆகவே எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க வழியில்லை. 2014 முதல் 2023 வரை ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து நான்கே அணிகளைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பத்துப் பருவங்களில் பெரிய ஐந்து கூட்டமைப்புகளைச் சேராத சிறிய கூட்டமைப்பு அணிகளுள் உள்ளே வந்தது 2021இல் சின்சினாட்டி ஒன்றுதான். 2023இல் பன்னிரண்டு ஆட்டங்களிலும், அதற்கு மேல் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்திலும் வென்று சாம்பியனான ஃபுளோரிடா ஸ்டேட் அணியைக்கூட, அதன் முக்கிய ஆட்டக்காரர் காயப்பட்டிருந்த நிலையில், குழு வெளியே நிறுத்திவிட்டது.

2024இல் பன்னிரண்டு அணிகளாக விரித்தபோது, குழுவின் தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு நேரடி நுழைவு என்று விதி செய்தார்கள். அது சரியான விதி. ஆனால் அதோடு நிற்காமல், அந்தச் சாம்பியன்களில் முதல் நால்வருக்கே 1 முதல் 4 வரையான வரிசையும் (அட்டவணையில் நிறுத்தப்படும் இட எண்) 'பை'யும் என்று சேர்த்துவிட்டார்கள். விளைவு: குழுவின் தரவரிசையில் 9ஆம் இடத்தில் இருந்த பாய்சி ஸ்டேட் 3ஆம் வரிசைக்கும், 12ஆம் இடத்தில் இருந்த அரிசோனா ஸ்டேட் 4ஆம் வரிசைக்கும் ஏறின. உண்மையில் மூன்றாம் இடத்தில் இருந்த டெக்சாஸும் நான்காம் இடத்தில் இருந்த பென் ஸ்டேட்டும் கீழே இறங்கின. இதில் மிக அதிகமாக இழந்தது முதலிடத்தில் இருந்த ஆரிகன் அணிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மற்றவர்கள் ஏறி இறங்கியதால், தரவரிசையில் 6ஆம் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட் 8ஆம் வரிசைக்குத் தள்ளப்பட்டு, காலிறுதியிலேயே ஆரிகனுக்கு எதிரே வந்து நின்றது. 41-21 என்று வென்று, பின்னர் கோப்பையையும் எடுத்துச் சென்றது. தரவரிசைப்படியே நிறுத்தியிருந்தால் அந்த இரண்டு அணிகளும் இறுதி ஆட்டத்தில்தான் சந்தித்திருக்க முடியும். 'பை' பெற்ற நான்கு அணிகளும் காலிறுதியில் தோற்றன. 2025ஆம் பருவத்துக்கு முன்பே விதியை மாற்றினார்கள்: சாம்பியன்களுக்கு நுழைவு உண்டு, வரிசையும் 'பை'யும் தரவரிசைப்படி மட்டுமே.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டுக்காரருக்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. நகரத்தார் கோயில் காரியங்களில் புள்ளி வரி என்றும் ஆஸ்தி வரி என்றும் இரண்டு உண்டு. மணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி. வீடு பெரிதோ சிறிதோ, புள்ளிக்கு வரி ஒன்றே. ஆஸ்தி வரி அவரவர் வசதிக்கு ஏற்றது. நேரடி நுழைவு புள்ளிக் கணக்கு: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இடம், வலுவைக் கேட்கக் கூடாது. வரிசை ஆஸ்திக் கணக்கு: இந்த ஆண்டு அந்த அணியின் கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ஒன்றில் கொடுத்த உரிமையை மற்றதிலும் செல்ல விட்டால் அட்டவணை கோணிப்போகும்.

இனி வேலைக்கு வருவோம். நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே நேரடி நுழைவு எத்தனை என்று முடிவுசெய்து, அதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள். பன்னிரண்டு இடங்களில் ஐந்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நான்கு வட்டாரப் போட்டிகளின் சாம்பியன்களும் விழா நடத்தும் ஊரும் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக இருக்கும். மற்ற ஏழு இடங்களுக்கு, பெயர் கொடுத்தவர்களில் வலுவானவர்களை எடுங்கள். நடத்தும் ஊருக்கு நுழைவு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வரிசையில் அவர்களுக்குச் சலுகை வேண்டாம். வெளியூர் அணிகளின் கண் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.

நேரடியாக வந்த அணி முதல் சுற்றில் பெரிய வித்தியாசத்தில் தோற்றால், "இவர்களை எதற்குச் சேர்த்தீர்கள்?" என்று மைக் பக்கத்திலேயே வந்து கேட்பார்கள். 2025இல் ஜேம்ஸ் மாடிசன், டுலேன் என்ற இரண்டு சிறிய கூட்டமைப்பு அணிகள் வந்து முதல் சுற்றில் தோற்றபோது அங்கேயும் இதே பேச்சுத்தான் எழுந்தது. 2024ஆம் பருவத்தில் முதலிடத்து ஆரிகன் ஒஹையோ ஸ்டேட்டிடம் ஒரு கட்டத்தில் 34-0 என்று பின்தங்கியிருந்தது. அது வந்திருக்கவே கூடாது என்று எவரும் வாதாடவில்லை. தோல்வியை வைத்து நுழைவு உரிமையை அளக்கக் கூடாது. வென்றால் உள்ளே வரலாம் என்ற ஒரு கதவாவது ஒவ்வோர் ஊருக்கும் திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவை அடைத்துவிட்டால் சிறிய ஊர்ப் பையன்கள் எதற்காக மழையிலும் வெயிலிலும் பழகுவார்கள்?

வரிசை போடுவதற்கு எண் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. நான் பின்பற்றும் கணக்கு எளியது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் எட்டு அணிகளுக்குக் குறையாமல் ஆடிய போட்டிகளை மட்டும் எடுத்து, கோப்பைக்கு 5, இரண்டாம் இடத்துக்கு 3, அரையிறுதிக்கு 1 என்று மதிப்பெண் போடுகிறேன். களத்தில் இறங்குவது ஏழு பேர். அந்தப் போட்டியில் இறங்கிய எழுவரில் நால்வராவது இப்போதைய பட்டியலில் இல்லையென்றால் அந்த மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை. எங்களுக்குப் பாடம் கற்பித்த அந்தப் பொங்கலுக்குப் பிறகு சேர்த்த விதி இது. இரண்டு அணிகள் சமமாக வந்தால், நேருக்கு நேர் மோதியதில் வென்றவர் மேலே. மதிப்பெண் போடும் குழுவில் மூன்று அல்லது ஐந்து பேர் இருக்கட்டும். தன் ஊர் அணியைப் பற்றிப் பேசும்போது அந்த ஊர்க்காரர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அமெரிக்கத் தேர்வுக் குழுவிலும் இந்த விதி உண்டு.

பன்னிரண்டையும் வரிசைப்படுத்தும் அளவுக்குத் தகவல் இல்லையென்றால், இருப்பதாகப் பாவனை செய்யாதீர்கள். முதல் நான்கை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு மற்ற எட்டையும் குலுக்கலில் விடலாம். பெரிய டென்னிஸ் போட்டிகளிலேயே 128 பேரில் 32 பேருக்குத்தான் வரிசை, மற்றவர்களுக்குக் குலுக்கல்தான்.

அட்டவணையை எழுதும்போது, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் எண்களில் பன்னிரண்டுக்கு மேலே வரும் 16க்குக் கட்டம் போடுங்கள். 16இல் 12 போக மீதி 4. அதுதான் 'பை'யின் எண்ணிக்கை, அது முதல் நான்கு வரிசைக்கே. எதிரெதிரே நிற்கும் வரிசை எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும்: 5க்கு 12, 6க்கு 11, 7க்கு 10, 8க்கு 9. 8-9இல் வென்றவர் 1ஐச் சந்திப்பார், 7-10இல் வென்றவர் 2ஐ, 6-11இல் வென்றவர் 3ஐ, 5-12இல் வென்றவர் 4ஐ. 1ஐயும் 4ஐயும் தாளின் மேல்பாதியிலும், 2ஐயும் 3ஐயும் கீழ்ப்பாதியிலும் வையுங்கள். மொத்தம் பதினோர் ஆட்டங்கள். கபடியில் 'பை' என்பது வெறும் மரியாதை அன்று. ஒரே இரவில் இரண்டு ஆட்டம் ஆடிய காலும் ஓர் ஆட்டம் ஆடிய காலும் ஒன்றல்ல. தகுதியில்லாத அணிக்கு அதைக் கொடுப்பது மற்றோர் அணியின் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகும்.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள் முதல் சுற்றிலேயே மோதுவதாக அமைந்தால், அடுத்த வரிசை எண்ணோடு ஓரிடம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் நகர்த்தினால் அட்டவணை மறுபடியும் எங்கள் பழைய தூக்குச்சட்டி ஆகிவிடும். கடைசி நேரத்தில் ஓர் அணி வராமல் போனால், காத்திருப்புப் பட்டியலில் முதலில் உள்ள ஊரை அதே கட்டத்தில் நிறுத்துங்கள். வராத அணி முதல் நான்கில் ஒன்றாக இருந்தால் மட்டும், 5ஆம் வரிசை அணியை அந்தக் கட்டத்துக்கு ஏற்றி, 5இன் கட்டத்தில் புதிய அணியை வையுங்கள்.

ஆட்டம் தொடங்குவதற்கு முந்திய நாள் மாலையில், எல்லா அணித் தலைவர்களையும் கோயில் வாசலுக்கு வரச் சொல்லி, மதிப்பெண் தாளையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பெயரில் விரலை வைத்து, இறுதிக் கட்டம் வரை கோட்டைத் தொடர்ந்து பார்க்கட்டும். ஆட்சேபம் இருந்தால் இரவு எட்டு மணிக்குள் எழுத்தில் வாங்கி, மதிப்பெண்ணில் பிழை இருந்தால் மட்டும் திருத்தி, அனைவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தைக்கு மதிப்பெண் போட அதுதான் முதலில் தேவைப்படும்.