புதுப் போன் வாங்கியாச்சா? பழையதை உடனே கொடுத்துவிடாதீர்கள்

அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிய அன்று இரவு நடந்ததை முதலில் சொல்கிறேன். பழைய போனைச் சித்தியின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவன் கேற்றடியில் சைக்கிளோடு வந்து நிற்கிறான், "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் தாங்கோ அண்ணா" என்கிறான், நானும் செட்டிங்ஸில் அழிக்கிற இடம் வரைக்கும் போய்விட்டேன். ஏதோ தோன்றி, "அம்மா, உங்கட ஜிமெயில் பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் தம்பி, கடைப் பெடியன்தானே எல்லாம் போட்டுத் தந்தவன்."

அந்தப் போனின் வட்ஸ்அப்பில் அப்பாவின் குரல் இருந்தது. அவர் போய் இரண்டு வருடம். "சந்தைக்கு வந்திட்டன். கத்தரிக்காய் நல்லதாக் கிடக்கு. முருங்கைக்காயும் வாங்கவோ?" பதினொரு விநாடி, பின்னால் மினிபஸ் ஹோர்ன் சத்தம். அம்மா அதைப் பின்னேரங்களில் போட்டுக் கேட்பார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்னும் இரண்டு தரம் அழுத்தியிருந்தால் அது போயிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புதுப் போன் கையில் வந்ததும் வருகிற எரிச்சல்களில் பெரும்பகுதி முதல்நாள் அவசரத்தில் வருவது. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள், பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒரு பழைய கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது அன்ட்ரொயிட் போனுக்கு. கம்பனிக்குக் கம்பனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் சொல்லைப் போட்டால் கிடைத்துவிடும்.

படி 1: கடையிலேயே பார்க்க வேண்டியது

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வாங்கினாலும் சரி, சுன்னாகத்தில் வாங்கினாலும் சரி, காசைக் கொடுக்க முதல் போனைத் திறந்து, அழைக்கும் இடத்தில் *#06# என்று அடியுங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு வரும். அதுதான் ஐஎம்ஈஐ (IMEI), ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாகப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ என்ற நான்கு எழுத்தையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 1909 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். இதைச் செய்ய வெட்கப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் தானே செய்து காட்டுவார். பில்லை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்து வையுங்கள். பில்லின் எழுத்து சில மாதங்களில் வெளிறிப்போகும், வொரண்டி கேட்டுப் போகும்போது வெறும் தாள்தான் கையில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து அண்ணாவோ மாமியோ கொண்டுவந்த போன் என்றால் வேறொரு கேள்வி இருக்கிறது: அது அங்குள்ள கம்பனியின் சிம்முக்கு மட்டும் வேலை செய்யும்படி லொக் செய்யப்பட்டதா? கனடாவில் 2017 டிசெம்பர் 1 முதல் போன்களை அன்லொக் செய்துதான் விற்க வேண்டும் என்று விதி, அதனால் அதற்குப் பிறகு அங்கே புதிதாக வாங்கியதென்றால் இந்தப் பயம் குறைவு. மற்ற நாடுகள் என்றால் அவர்கள் விமானம் ஏற முன்பே கேட்டு அன்லொக் செய்விக்கச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் செய்வது பெரிய அலைச்சல்.

படி 2: சார்ஜர்

பெட்டி மெல்லியதாக இருந்தால் உள்ளே வயர் மட்டும்தான் இருக்கும். அப்பிள் 2020 இல் ஐபோன் 12 ஓடு சார்ஜரை நிறுத்தியது, அடுத்த வருடம் சாம்சுங்கும் எஸ் 21 இல் அதையே செய்தது, பிறகு பலரும் பின்பற்றினார்கள். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் சார்ஜர் தேடி அலைய வேண்டும்.

கனடா, அமெரிக்காவின் தட்டைப் பின் சார்ஜரில் 100-240 என்று அச்சடித்திருந்தால் எங்கள் 230 வோல்ட்டுக்கு அது தாங்கும். பின்தான் பொருந்தாது. எங்கள் வீடுகளில் இப்போது 13 அம்பியர் சதுரப் பின் துவாரங்கள்தானே, அதன் மேல் ஓட்டையில் பேனையைக் குத்தித் திறந்து இரண்டு பின் சார்ஜரைச் செருகுவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சிறு பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகுவார்கள். ஒரு நல்ல அடப்டர் வாங்குங்கள்.

முதல் தரம் 8 மணித்தியாலம் சார்ஜில் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் பட்டரிக் காலத்துப் பேச்சு. இப்போதைய லித்தியம் பட்டரிக்கு அது தேவையில்லை. அதற்கு ஆகாதது சூடு. சித்திரை வெயிலில் மோட்டார்சைக்கிள் தாங்கிக்கு மேல் போனை வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

படி 3: சிம் போடுதல்

பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்பி இருக்கும். தட்டின் விளிம்பு தெரிகிற இடத்துக்குப் பக்கத்து ஓட்டையில் மட்டும் குத்துங்கள். போனின் அடியில் இருக்கும் தனி ஓட்டை மைக், அதில் குத்தினால் நீங்கள் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் போகலாம். பழைய சிம் பெரிதாக இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், உங்கள் கம்பனியில் நானோ சிம் மாற்றிக் கொடுப்பார்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

படி 4: கூகுள் கணக்கு, உங்கள் கையால்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். கடையில் "நான் போட்டுத் தாறன் அம்மா" என்று பாசமாகச் சொல்வார்கள், நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குக்குள்தான் உங்கள் தொடர்பு எண்கள், படங்கள், வட்ஸ்அப் பிரதி (பக்கப்) எல்லாம் போய்ச் சேருகின்றன. பாஸ்வேர்ட் தெரியாத கணக்கு, திறப்பு வேறொருவரிடம் உள்ள அலுமாரி மாதிரி. அம்மாவின் கணக்கில் மீட்பு எண்ணாக, அதாவது பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்க உதவும் எண்ணாக இருந்தது யாருடைய எண் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஏற்கெனவே கணக்கு இருந்து பாஸ்வேர்டும் தெரிந்தால் அதையே போடுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் இருந்து புதிதாக ஒன்று திறவுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக மகனுடையதையோ மகளுடையதையோ கொடுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் பாஸ்வேர்டையும் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி, காணி உறுதி இருக்கும் இடத்தில் வையுங்கள். கொப்பியில் எழுதக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இளம் ஆட்களுக்கு அது சரி. அறுபது வயது அம்மாவுக்கு, திருடன் கொப்பியைத் தேடி வருவதை விட, பாஸ்வேர்ட் மறந்துபோகும் ஆபத்துத்தான் பெரிது.

படி 5: தொடர்பு எண்கள்

பழைய எண்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும்: சிம்மில், போனில், கூகுளில். சிம்மை மாற்றியதும் பாதி எண் காணாமல் போவது இதனால்தான். பழைய போனில் தொடர்புகளைத் திறந்து எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள், சிம்மில் உள்ளதை, சிம் இப்போது இருக்கும் போனின் தொடர்புகளுக்குள் போய் இறக்குமதி செய்யுங்கள். மாற்றும்போதே 077 என்று தொடங்கும் எண்களை +94 77 என்று திருத்திவிடுங்கள். நீங்கள் வெளிநாடு போனாலும் அந்த எண் அப்படியே வேலை செய்யும்.

படி 6: வட்ஸ்அப்

அப்பாவின் பதினொரு விநாடி தப்பியது இந்தப் படியால்.

வட்ஸ்அப் பிரதி கூகுள் டிரைவில், அதாவது கூகுளின் இணையச் சேமிப்பில் சேர்வது பலருக்குத் தெரியும். 2024 இலிருந்து அது கூகுள் தரும் இலவச 15 ஜிபிக்குள் கணக்கிடப்படுகிறது, படமும் வீடியோவும் நிறைந்த கணக்கென்றால் இடம் முட்டி, பிரதி எடுப்பதே நின்றுபோயிருக்கும். அம்மாவுடையதுக்கு பாஸ்வேர்டும் இல்லை. கைகொடுத்தது இன்னொரு வழி. 2023 இன் நடுவில் வட்ஸ்அப் ஒரு வசதி கொண்டுவந்தது, கூகுள் டிரைவ் இல்லாமல் போனிலிருந்து போனுக்கு நேராக மாற்றலாம்.

செய்கிற விதம் இது. இரண்டு போனையும் சார்ஜில் போடுங்கள், இரண்டிலும் வைஃபையும் இருப்பிடமும் ஓனில் இருக்கட்டும். பழைய போனின் வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், அதற்குள் ட்ரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய்த் தொடக்கத்தை அழுத்துங்கள். புதிய போனில் வட்ஸ்அப்பை இறக்கி, அதே எண்ணைக் கொடுத்து உறுதி செய்யுங்கள். பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்கும், ஓம் என்று தொடருங்கள், அனுமதி கேட்டால் கொடுங்கள். புதிய போனில் கியூஆர் கட்டம் ஒன்று தோன்றும், அதைப் பழைய போனின் கமராவால் பிடியுங்கள். அவ்வளவுதான். எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது, அதுவரை இரண்டையும் தொடாமல் அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

முடிந்ததும் நம்பிவிடாதீர்கள். மிகப் பழைய உரையாடல் ஒன்றைத் திறந்து, படம் ஒன்றையும் குரல் செய்தி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். கத்தரிக்காய் நல்லதாக் கிடக்கு என்று புதுப் போனில் கேட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தரம் போடச் சொன்னார்.

(அன்ட்ரொயிடிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கியூஆர் வழி சரிவராது. அப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் செயலியால், ஐபோனை முதன்முதலாகத் தொடங்கும் நேரத்திலேயே மாற்ற வேண்டும்.)

கையோடு இரண்டு படிச் சரிபார்ப்பையும் போடுங்கள்: செட்டிங்ஸ், கணக்கு, அதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், ஆறு இலக்க எண். அதையும் கொப்பியில் எழுதுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும், சொந்தக்காரரின் எண்ணிலிருந்தே கேட்டாலும், கொடுக்காதீர்கள். அதை வாங்கி உங்கள் வட்ஸ்அப்பைப் பறித்து, லண்டனில் இருக்கும் உங்கள் தம்பியிடம் உங்கள் பெயரில் காசு கேட்பார்கள்.

படி 7: பட்டன் எங்கே போனது?

பழைய போனின் அடியில் இருந்த மூன்று பட்டன்கள் புதியதில் இருக்காது, விரலால் இழுத்துத்தான் போக வேண்டும். பெரியவர்கள் முதல்நாளே மனம் விடுவது இதில்தான். செட்டிங்ஸில் நவிகேஷன் என்று தேடினால் மூன்று பட்டன் முறைக்கு மாற்றலாம். எழுத்தின் அளவையும் அங்கேயே பெரிதாக்குங்கள். பக்கத்து பட்டனால் சத்தத்தைக் கூட்டினால் பாட்டின் சத்தம்தான் கூடும், ரிங் சத்தம் தனி. "எத்தனை தரம் எடுத்தன், நீங்கள் எடுக்கேல்லை" என்ற சண்டை இதிலிருந்துதான் வருகிறது. அம்மாவின் பெருவிரல் ரேகை தேங்காய் திருவித் தேய்ந்தது, போன் அதைப் பிடிக்கவே இல்லை. பின் நம்பர் வைத்துக் கொடுத்தேன். கடைசியாக, பக்கத்து அறையிலிருந்து நான்கைந்து தரம் அழைப்பெடுத்துப் பழக்குங்கள். அழைப்பை எடுக்கும் விதமே போனுக்குப் போன் வேறு.

படி 8: தமிழ்

கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் மொழிகளுக்குள் தமிழைச் சேருங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையும் உண்டு, நேரடித் தமிழ் எழுத்தும் உண்டு. தமிழ் 99 விசைப்பலகை முறை பழகியவர்களுக்குச் செல்லினம் என்ற செயலி நல்லது. அடிக்கவே கஷ்டம் என்பவர்கள் மைக்கை அழுத்திப் பேசலாம், மொழியில் தமிழ் (இலங்கை) என்று தெரிவுசெய்ய மறக்காதீர்கள்.

படி 9: டேட்டா

புதுப் போன் முதல் இரண்டு நாளில் எல்லாச் செயலியையும் புதுப்பிக்கப் பார்க்கும், போட்ட ரீலோட் அதிலேயே கரைந்துவிடும். பிளே ஸ்டோரில் வைஃபையில் மட்டும் புதுப்பி என்று வையுங்கள். வட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா என்ற இடத்தில் மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் பூக்கள் எத்தனை குழுக்களிலிருந்து வருகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

படி 10: இப்போது பழைய போன்

உடனே வேண்டாம், இரண்டு கிழமை வைத்திருங்கள். மாற்ற மறந்துபோன ஏதாவது ஒன்று அதற்குள் ஞாபகம் வரும். எங்களுக்கு வங்கிச் செயலி அதில் மட்டும் இருந்தது பத்தாம் நாள்தான் தெரிந்தது.

பிறகு செட்டிங்ஸில் கணக்குகளுக்குப் போய்க் கூகுள் கணக்கை முதலில் நீக்குங்கள், அதற்குப் பின்பே முழுதும் அழியுங்கள். கணக்கை நீக்காமல் வேறு வழியில் அழித்தால், வாங்குபவர் திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளும். சித்தியின் மகன் இரண்டாம் தரம் சைக்கிளில் வந்தபோது அதையெல்லாம் அவனுக்கு முன்னாலேயே செய்து கொடுத்தேன். கையில் கொடுக்க முன் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள், மெமரி கார்ட் அனேகமாக அதற்குள்தான் கிடக்கும்.