‘அவர்களிடம் துப்பாக்கி இருந்தது’: காலனி ஆதிக்கத்தையும் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியர்கள் எப்படி உலகின் பெரும்பகுதியைப் பிடித்தார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “அவர்களிடம் துப்பாக்கி இருந்தது” என்பதுதான் முதலில் வரும் பதில். அது முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் திருத்துவது கடினம். ஆசிரியர் தலையசைத்துவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துபோகிறது. கருவியின் பெயரைச் சொன்னதும் காரணமும் கிடைத்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

முதல் தவறு, 400 ஆண்டுகளை ஒரே படமாகச் சுருட்டிவிடுவது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது 1498. சூடானின் ஓம்துர்மானில் பிரிட்டிஷ் தரப்பு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளால் மஹ்தி என்ற சமயத் தலைவரின் வழிவந்த படையைச் சுட்டு வீழ்த்தியது 1898. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், ஐரோப்பியர்கள் தொடக்கம் முதலே யாராலும் வெல்ல முடியாதவர்களாக இருந்தார்கள் என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடும். உண்மையில் போர்த்துக்கீசியர்களின் பலம் கடலில் இருந்தது. பீரங்கி ஏற்றிய கப்பல்களைக் கொண்டு 1510-ல் கோவாவையும் 1511-ல் மலாக்காவையும் பிடித்தார்கள். ஆனால் உள்நாட்டுப் பேரரசுகளை அவர்களால் அசைக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலும் நீண்ட காலம் கடற்கரைக் கோட்டைகளோடு ஐரோப்பியர்கள் நின்றுவிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்தின் கதை வேறு. 1521-ல் மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசுத் தலைநகர் டெனோச்டிட்லான் வீழ்ந்ததில் பெரியம்மைக்கும், ஸ்பானியர்களோடு சேர்ந்து போரிட்ட, அஸ்டெக்குகளின் பகைவரான திலாஷ்கலா மக்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டு, கடற்கரைக் காலம் எது, உள்நாட்டுக் காலம் எது என்று பிரித்துக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது தவறை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கருதுகிறேன். இயந்திரமே தனியாக வரலாற்றை நகர்த்தியது போலப் பேசுவதைத்தான் சொல்கிறேன். இதை உடைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, கருவி ஒன்றாகவும் விளைவு வேறாகவும் இருந்த நிகழ்வுகளை இரண்டிரண்டாக வைத்துக் கற்பிப்பதுதான்.

ட காமாவின் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து இந்தியாவுக்கு, அங்கே கிடைத்த வழிகாட்டி மாலுமியின் துணையோடு, பருவக்காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு மாதத்துக்குள் வந்து சேர்ந்தார். திரும்பும்போது காற்றின் பருவத்துக்குக் காத்திராமல் கிளம்பினார். அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன; வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் மாலுமிகள் பலர் மாண்டார்கள். அதே கப்பல்கள், அதே திசைகாட்டிகள். இல்லாமற்போனது அந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவர்களின் அறிவு.

அடுத்தது மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆறு. 1841-ல் பிரிட்டன் மூன்று இரும்பு நீராவிக் கப்பல்களை அந்த ஆற்றில் அனுப்பியது. போன ஐரோப்பியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் காய்ச்சலில் இறந்தார்கள். 1854-ல் பெய்கி தலைமையில் பிளேயட் என்ற நீராவிக் கப்பல் அதே ஆற்றில் போனது. இந்த முறை நோய் வருவதற்கு முன்பே நாள்தோறும் கொய்னா என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு ஒருவரும் பலியாகவில்லை. இந்த இரண்டு ஆண்டுகளையும் பலகையில் எழுதிவிட்டு, “என்ன மாறியது?” என்று மட்டும் கேளுங்கள். நீராவிதான் ஆப்பிரிக்காவைத் திறந்தது என்ற வாக்கியத்தை மாணவர்களே அடித்துவிடுவார்கள்.

போர்க்களங்களுக்கும் இது பொருந்தும். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் இசாண்டல்வானாவில், நவீன மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் பீரங்கிகளும் வைத்திருந்த பிரிட்டிஷ் படையைப் பெரும்பாலும் ஈட்டி ஏந்திய ஜூலுக்கள் முறியடித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் உலுண்டியில் ஜூலுக்கள் தோற்றார்கள். இரண்டு போர்களிலும் பிரிட்டிஷ் வீரன் கையில் இருந்தது அதே துப்பாக்கி. முதல் முறை படை பிரிந்து சிதறி நின்றது. இரண்டாம் முறை நெருக்கமான சதுர அணியாக நின்றது.

மூன்றாவது தவறு, எல்லாவற்றையும் ‘ஐரோப்பியக் கண்டுபிடிப்பு’ என்ற ஒரே தலைப்பில் அடைப்பது. வெடிமருந்தும் திசைகாட்டியும் சீனாவிலிருந்து வந்தவை என்று பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. கடலடித் தந்தி வடங்களைப் பற்றியும் பேசுங்கள். உப்புநீர் படாமல் அந்தக் கம்பிகளைக் காத்தது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மலாய் மக்கள் கத்திப்பிடி செய்யப் பயன்படுத்திவந்த பொருள் அது. வடத்துக்காக அந்த மரங்கள் கணக்கின்றி வெட்டிச் சாய்க்கப்பட்டன. கொய்னா தரும் சின்கோனா மரத்தின் கதையும் இதே போன்றது. பொலிவியாவில் நல்ல ரக விதைகளைத் தேடிச் சேகரித்தவர் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற ஐமாரா இனத்தவர். அவற்றை வாங்கி விற்றவர் சார்லஸ் லெட்ஜர். டச்சுக்காரர்கள் ஜாவாவில் அவற்றை வளர்த்துப் பெரும் லாபம் பார்த்தார்கள். மரத்தின் அறிவியல் பெயரில் நிலைத்திருப்பது லெட்ஜரின் பெயர். மாமானியின் பெயரை வகுப்பில் உரக்கச் சொல்வது நம் கடமை என்று நான் நம்புகிறேன்.

தோற்றவர்களை ஒன்றும் அறியாதவர்களாகக் காட்டுவதும் இதன் மறுபக்கம்தான். மைசூரின் இரும்புக்குழல் ராக்கெட்டுகள் 1780-ல் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் திணறடித்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. பிரிட்டிஷ் படையின் காங்கிரீவ் ராக்கெட்டுகள் அவற்றிலிருந்தே பிறந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த சமோரி தூரேயின் கொல்லர்கள் ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்து அதேபோலச் செய்தார்கள். எத்தியோப்பியாவின் பேரரசர் இரண்டாம் மெனெலிக் நவீன ஆயுதங்களை வாங்கிக் குவித்து, 1896-ல் அட்வாவில் இத்தாலியைத் தோற்கடித்தார்.

ரயிலைப் பற்றி ஒன்றே ஒன்று. அதை ‘ஆட்சியின் நன்மைகள்’ பட்டியலில் எழுதவைக்காதீர்கள். இந்தியாவில் ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு 5 விழுக்காடு வருவாய் உறுதி தரப்பட்டது. குறைந்ததை ஈடுகட்டியது இந்திய வரிப்பணம். 1876–78 பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. தண்டவாளம் இருந்தது. தானியம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் வேறு.

ஆயுதங்களைப் பற்றிப் பேசும்போது வகுப்பில் ஒரு கிளர்ச்சி பரவும்; கவனமாக இருங்கள். ஓம்துர்மானில் ஒரு காலைப்பொழுதில் மஹ்தி தரப்பில் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள், எதிர்த்தரப்பில் 48 பேர் இறந்தார்கள் என்ற கணக்கை விளையாட்டு ஸ்கோர் போலச் சொல்லக் கூடாது. சொன்னபின் சிறிது நேரம் அமைதியாக இருங்கள். பிறகு, பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் அந்தப் படையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எகிப்தியர்களும் சூடானியர்களும் என்பதைச் சொல்லுங்கள். ‘ஐரோப்பியப் படை’ என்ற சொல்லையே மாணவர்கள் மறுபடி யோசிக்கத் தொடங்குவார்கள்.

கடைசியாகத் தேர்வுக் கேள்வி. “காலனி ஆதிக்கத்துக்கு உதவிய ஐந்து தொழில்நுட்பங்களைப் பட்டியலிடுக” என்று கேட்டால், இவ்வளவு நேரம் நடத்திய பாடம் வீணாகிவிடும். பட்டியலை மனப்பாடம் செய்பவருக்கே மதிப்பெண் போகும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: “1841-லும் 1854-லும் நைஜர் ஆற்றில் நீராவிக் கப்பல்கள் சென்றன. விளைவு ஏன் மாறியது? அந்த மாற்றத்துக்குக் காரணமான அறிவு முதலில் யாரிடம் இருந்தது?”