வால்பாறை மலைப்பாதை: இறங்கும்போது செய்யும் தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 64 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எல்லோரும் கவனமாகவே ஓட்டுகிறார்கள். ஊர் திரும்பும் அவசரத்தோடு இறங்கும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் மிகவும் ஆபத்தானது, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவது. இடைவிடாமல் மிதிக்கும்போது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் உரசிப் பழுக்கக் காய்கின்றன. அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதிக்கும் விசை சக்கரத்தைச் சென்றடையாமல் குமிழ்களை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். காலுக்கடியில் பெடல் பஞ்சுபோல் அமுங்குவதும், சக்கரத்தருகே கருகிய நெடி எழுவதும் பிரேக் முழுவதும் செயலிழப்பதற்கு முந்தைய எச்சரிக்கைகள். அந்த நெடியை ஆழியாறு அடிவாரத்தில் நிற்கும் கார்களில் நானே பலமுறை உணர்ந்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தித் தானாக ஆறவிட வேண்டும். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளக்கூடும்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியின் வேகத்தை மட்டுப்படுத்தும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட்டால் போதும். ஆட்டோமேட்டிக் கார்களிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது வீண் ஆசை. இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்க அது செலவாகிறது. நீலகிரியில் 36 வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில், வெளியூர் வண்டிகள் உதகையிலிருந்து மசினகுடி நோக்கி இறங்குவதற்குத் தடை விதிக்கும் அளவுக்கு இத்தகைய விபத்துகள் நடந்துள்ளன.

அடுத்தது, வளைவுக்குள் முந்துவது. அரசுப் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், அதன் முகப்பு எதிர்த்தடத்துக்கு வந்துதான் தீரும். ஹாரன் ஒலி கேட்டதும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பவரே தேர்ந்த ஓட்டுநர். இரண்டு வண்டிகள் எளிதாகக் கடக்க முடியாத குறுகிய இடத்தில், இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் வரையாட்டைக் கண்டதும் சாலை நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு அது தெரியாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் அவற்றைச் சக்கரத்தடிக்கே இழுத்துவரும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால், பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி நம் கண்ணையே கூசவைக்கும். லோ பீமில், இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பார்த்தபடி மெதுவாக இறங்க வேண்டும். ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினால், நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். வால்பாறையிலிருந்து மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிட்டால், 40 வளைவுகளையும் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.