தேவதைக் கதை வில்லன்களை வீணடிக்கும் தவறுகள்

அனிமேஷனில் தேவதைக் கதை எடுப்பவர்கள் அதிகம் மெனக்கெடுவது கதாநாயகிக்காக. பார்த்தவர்கள் பல வருடம் கழித்தும் மறக்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் வில்லியை. அப்படி மனதில் நின்றுவிட்ட வில்லிகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். அவளுக்கு ஒன்று வேண்டும், அது என்னவென்று ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லிவிடும். அந்த ஒன்று கதாநாயகியிடம் இருக்கிறது, இல்லையென்றால் கதாநாயகி வழியாகத்தான் கிடைக்கும். இந்த முடிச்சு இறுக்கமாக இருக்கும்வரை வில்லிக்கு உயிர் இருக்கும். நான் இங்கே பேசப்போகும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த முடிச்சைத் தளர்த்திவிடுகின்றன.

ஆசை தெரியும் முன்பே காரணம் சொல்வது

இப்போதெல்லாம் அதிகம் நடப்பது இதுதான். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வில்லியின் சிறுவயதுக்குப் போய்விடுகிறார்கள். அம்மா செத்துப்போனாள், ஊர் ஒதுக்கிவைத்தது, நம்பியவன் ஏமாற்றினான். எழுதுகிறவருக்கு இது ஆழமாகத் தெரியும். பார்க்கிறவருக்கோ, இவள் என்ன செய்துவிடுவாளோ என்ற பயம் பிறக்கும் முன்பே 'ஐயோ பாவம்' என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவள் எவ்வளவு கத்தினாலும் பயம் வராது.

1937-ல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்து அரசிக்குப் பின்கதை என்று எதுவும் கிடையாது. கண்ணாடி முன் நிற்கிறாள், உலகத்தில் யார் அழகு என்று கேட்கிறாள், அவ்வளவுதான். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஜெர்மானியரான கிரிம் சகோதரர்களின் கதையில் அவள் மாறுவேடத்தில் மூன்று முறை கொல்ல வருவாள். முதலில் இடுப்பு நாடாவை இறுக்கி, அடுத்து விஷச் சீப்பால், கடைசியாக ஆப்பிளால். படம் முதல் இரண்டையும் விட்டுவிட்டு ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு முயற்சிக்கு அவள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். அழகைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று இருப்பவள், தன் அழகைத் தானே அழிக்கும் மருந்தைக் குடித்துக் கூன் விழுந்த கிழவியாகிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஃப்ளாஷ்பேக்கும் சொல்லிவிட முடியாது.

உறங்கும் அழகியின் கதையும் அப்படித்தான். கிரிம் கதையில் அரசனிடம் தங்கத் தட்டுகள் பன்னிரண்டுதான் இருக்கின்றன, அதனால் பதின்மூன்றாவது ஞானப் பெண்ணை விருந்துக்கு அழைக்கவில்லை. ஒரு தட்டு குறைந்ததற்காகத் தொட்டில் குழந்தைக்குச் சாவைச் சாபமாகக் கொடுக்கிறாள். காரணம் அற்பம், தண்டனை மலையளவு. இந்தப் பொருத்தமின்மைதான் நம்மை நடுங்க வைக்கிறது. தட்டுக்குப் பின்னால் இன்னொரு பெரிய சோகம் இருந்தது என்று விளக்கப் போனால் நடுக்கம் போய்விடும், நியாயம் மட்டும் மிஞ்சும்.

பின்கதையே கூடாதா என்றால், கூடும். பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் ஒசெலோவின் 'கிரிகூ' (1998) அதற்கு நல்ல உதாரணம். சூனியக்காரி கராபா ஏன் இப்படிக் கெட்டவளாக இருக்கிறாள் என்று அந்தச் சின்னஞ்சிறு பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பெரியவர்கள் யாரும் அதை ஒரு கேள்வியாகவே எண்ணவில்லை. விடை, அவள் முதுகெலும்பில் ஆண்கள் சேர்ந்து குத்திவிட்ட ஒரு விஷ முள். அந்த வலியிலிருந்துதான் அவள் சக்தியும் வருகிறது, கொடுமையும் வருகிறது. இங்கே 'ஏன்' என்பது கதாநாயகன் தேடிப் போகும் விடை. முள்ளைப் பிடுங்குவதுதான் கிளைமாக்ஸ். அதாவது, பின்கதை கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது. வில்லி மீது இரக்கம் வரட்டும் என்று நடுவில் செருகும் பின்கதை அந்த வேலையைச் செய்யாது.

சக்தியைக் கூட்டினால் பயம் கூடும் என்று நம்புவது

வில்லிக்கு மந்திரக்கோல், அப்புறம் படை, அப்புறம் ராட்சத உருவம், திரை முழுக்கப் பச்சைத் தீ. பட்ஜெட் இருக்கிறது என்பதற்காக இவ்வளவையும் அடுக்குகிறார்கள். இன்றுவரை என்னை அதிகம் பயமுறுத்தும் தேவதைக் கதை வில்லியிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 'சிண்ட்ரெல்லா' (1950) படத்தின் மாற்றாந்தாய் லேடி ட்ரெமெய்னைச் சொல்கிறேன். அவள் சாதாரண மனுஷி. கையில் ஒரு கைத்தடி, மடியில் ஒரு பூனை.

அரண்மனை விருந்துக்குக் கிளம்பும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைகளை முடித்து, உடுத்த ஆடையும் கிடைத்தால் நீயும் வரலாம் என்று சிண்ட்ரெல்லாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். எலிகளும் பறவைகளும் தைத்துக் கொடுத்த ஆடையோடு சிண்ட்ரெல்லா படியிறங்கி ஓடி வருகிறாள். மகள்கள் இருவரும் குதிக்கிறார்கள். ட்ரெமெய்ன் அவர்களை அடக்குகிறாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன் என்கிறாள். பிறகு நிதானமாகக் கிட்டே வந்து, சிண்ட்ரெல்லாவின் கழுத்து மணிமாலையை விரலால் லேசாகத் தூக்கி, எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பார் என்று மகளிடம் பாராட்டுவதுபோலச் சொல்கிறாள். அது அந்த மகள் வேண்டாம் என்று எறிந்த மாலை. அடுத்த நொடி அவள் பாய்ந்து அதை அறுக்கிறாள். மற்றவள் இடுப்புப் பட்டையைப் பிடுங்குகிறாள். ஆடை கந்தலாகிறது. வேண்டிய அளவு கிழிந்ததும், போதும் வாருங்கள் என்று மகள்களை அழைத்துக்கொண்டு, சிண்ட்ரெல்லாவுக்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். கொடுத்த வாக்கை அவள் மீறவே இல்லை. ஆடையில் அவள் கை பட்டது அந்த ஒரு விரல் அளவுதான்.

அந்த வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கும், யாரை எந்தச் சொல் கிளப்பிவிடும் என்பது ட்ரெமெய்னுக்குத் தெரியும். அவள் பலம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நெருப்புக் கக்கும் டிராகனை நாம் யாரும் சந்திக்கப் போவதில்லை. இப்படிப்பட்ட ஓர் ஆளை, படம் பார்க்கும் எல்லாக் குழந்தையும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு வகுப்பில் சந்தித்திருக்கும்.

டிராகனே இருக்கும் படத்திலும் கணக்கு இதுதான். 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959) வில்லி மெலஃபிசென்ட் கடைசியில் டிராகனாகிறாள், பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அவள் உச்சத்தில் இருப்பது அதற்குச் சற்று முன், நிலவறையில் சங்கிலியில் கிடக்கும் இளவரசனிடம் பேசும்போது. உன்னை விட்டுவிடுவேன், நூறு வருடம் கழித்து, என்கிறாள். தள்ளாடும் குதிரைமேல் தள்ளாடும் கிழவனாக அவன் தன் காதலியைத் தேடிப் போவதைக் காட்சியாகவே காட்டுகிறாள். பழைய கதையில் உறக்கத்தின் கால அளவாக வந்த நூறு வருடத்தைத் திரைக்கதை ஆசிரியர்கள் எடுத்து வில்லியின் கையில் ஆயுதமாகக் கொடுத்துவிட்டார்கள். குரல் உயரவே இல்லை. ட்ரெமெய்னுக்கும் மெலஃபிசென்டுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரேதான், எலெனார் ஆட்லி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கத்தாத குரலால் எவ்வளவு முடியும் என்பது காதிலேயே புரிந்துவிடும்.

கதாநாயகியை வலுக்கட்டாயமாகச் சிக்க வைப்பது

கடத்தல், கட்டிப்போடுதல், மயக்க மருந்து. எழுதுவதற்குச் சுலபம், பார்ப்பதற்குச் சலிப்பு. நல்ல வில்லி கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

'த லிட்டில் மெர்மெய்ட்' (1989) உர்சுலா இதில் கைதேர்ந்தவள். டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய மூலக்கதையில் கடல் சூனியக்காரி உண்மையில் வில்லியே இல்லை. நீ கேட்பது முட்டாள்தனம், துயரத்தில்தான் முடியும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறாள். நாக்கை விலையாக வாங்கிக்கொண்டு மருந்தைத் தருகிறாள். படத்துக்கு அது போதாது. உர்சுலாவுக்கு ஒரு சொந்த ஆசை வேண்டியிருந்தது, அது கடல் அரசனின் சூலமும் ராஜ்யமும். அதற்கு அவன் மகள் ஏரியல் ஒரு தூண்டில் புழு.

உர்சுலாவின் ஆட்களான இரண்டு விலாங்கு மீன்கள் ஏரியலைத் தேடி வரும் நேரத்தைக் கவனியுங்கள். அப்பா கோபத்தில் மகளின் குகையையும் அவள் சேர்த்து வைத்த பொருட்களையும் நொறுக்கிவிட்டுப் போன உடனே. அழுதுகொண்டிருப்பவளிடம் அந்த விலாங்குகள் மிரட்டவில்லை, உதவி இருக்கிறது என்கின்றன. பிறகு உர்சுலா ஒப்பந்தத்தைப் பாட்டாகவே பாடிக் காட்டுகிறாள். மூன்று நாள் மனிதக் கால்கள், மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசனின் முத்தம், தவறினால் நீ எனக்குச் சொந்தம், கட்டணம் உன் குரல். நிபந்தனைகளில் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. கையெழுத்துப் போடுவது ஏரியல். இதைப் பார்க்கும் குழந்தை 'போடாதே!' என்று கத்துகிறதென்றால், ஏரியல் ஏன் போடுகிறாள் என்பதும் அந்தக் குழந்தைக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் காட்சி நிற்கும்.

'டாங்கில்ட்' (2010) கோதெலும் இதே பள்ளிதான். பதினெட்டு வருடமாக ராபன்ஸெல் என்ற பெண்ணைக் கோபுரத்தில் வைத்திருக்கிறாள். ஆனால் அந்த நீளமான முடியைப் பிடித்துக்கொண்டு ராபன்ஸெல் எந்த நாளிலும் கீழே இறங்கியிருக்கலாம். அவளைப் பிடித்து வைத்திருப்பது, வெளியுலகம் உன்னைத் தின்றுவிடும் என்று அன்பாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த பயம். கொஞ்சும்போது கோதெலின் கை எங்கே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்த முடிக்கு. இளமை தரும் மந்திரம் அதில்தானே இருக்கிறது!

தோற்றத்தில் வரும் தவறுகள்

மூக்கைக் கோணலாக்கி, கன்னத்தில் தழும்பு வைத்து, முதுகை வளைத்துவிட்டால் வில்லன் தயார் என்று நினைப்பது பழைய சோம்பேறித்தனம். உடல் குறையையும் தழும்பையும் கெட்ட குணத்தின் முத்திரையாகக் காட்டினால், அதே தழும்புள்ள குழந்தை அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) இதைத் தலைகீழாக்கியது: ஊரே மயங்கும் அழகன் காஸ்டன்தான் வில்லன். 1756-ல் வெளியான பிரபலமான கதை வடிவில் அப்படி ஒரு ஆளே இல்லை. அங்கே கெடுதல் செய்வது பொறாமை பிடித்த அக்காக்கள்.

தோற்றத்தில் கவனம் வைக்க வேண்டிய இடம் நிழலுரு. முழுக் கறுப்பாக நிரப்பினாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும். மெலஃபிசென்டின் கொம்பும் விரிந்த அங்கியும், உர்சுலாவின் அகன்ற உடலும் சுருளும் கால்களும் அப்படிப்பட்டவை. அசைவும் அதே அளவு முக்கியம். சுற்றி எல்லோரும் பரபரக்கும்போது அசையாமல் நிற்பவர்மேல்தான் கண் போகும்.

கடைசி நேர ட்விஸ்ட்

'ஃப்ரோஸன்' (2013) வெற்றிக்குப் பிறகு, நல்லவனாக வந்தவன் கடைசியில் வில்லன் என்று காட்டுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதில் அப்படி வரும் இளவரசன் ஹான்ஸ் எப்படி எடுபட்டான் என்பதைப் பலர் பார்க்கவில்லை. பார்த்த அன்றே காதல், அன்றே கல்யாணம் என்று இளவரசி ஆனா நம்பினாள். இன்று சந்தித்தவனைக் கட்டிக்கொள்ள முடியாது என்று அக்கா எல்ஸா தெளிவாகவே மறுத்தாள். ஹான்ஸ் முத்தம் கொடுக்கக் குனிந்து, பாதியில் நிறுத்தி, உன்னை நேசிக்க யாராவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லும்போது உடைவது அந்த நம்பிக்கை. பிறகு குளிரில் உறைந்துகொண்டிருக்கும் பெண்ணின் அறையில் கையுறை விரலால் மெழுகுவர்த்தியை அணைத்து, கணப்பில் தண்ணீரை ஊற்றுகிறான். ட்விஸ்ட் அவளுடைய ஆசையின்மேல் நேராக வந்து விழுகிறது. அப்படி விழ ஒரு இடம் இல்லாவிட்டால், படம் முக்கால்வாசி வில்லனே இல்லாமல் ஓடியதுதான் மிச்சம்.

நகைச்சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லன் சிரிக்க வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அவன் வரும் எல்லாக் காட்சியும் சிரிப்பிலேயே முடிந்தால் ஆபத்து என்பதே போய்விடும். 'புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்' (2022) முழுக்கச் சிரிப்புப் படம்தான். ஓநாய் உருவில் வரும் மரணத்தின் விசில் கேட்டதும் மட்டும் எல்லா ஜோக்கும் நின்றுவிடும். ஒன்பது உயிரில் எட்டை விளையாட்டாக வீணடித்த பூனையிடம் கடைசி உயிரைக் கேட்டு வருகிறது அது. அந்தப் பூனைக்கு வேறு எந்த வில்லனும் இவ்வளவு பொருந்தியிருக்க மாட்டான்.

முடிவை விபத்திடம் விட்டுவிடுவது

கதாநாயகி கையில் ரத்தம் படக்கூடாது என்பதால் வில்லியை உயரத்திலிருந்து விழவைப்பது அனிமேஷனில் வழக்கம். விழுவதில் தப்பில்லை, ஏன் விழுகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஸ்னோ ஒயிட்' அரசி நிற்கும் பாறையை மின்னல் தாக்கி உடைக்கிறது. அவ்வளவு அருமையான வில்லிக்கு இப்படி ஒரு தற்செயலான முடிவு எனக்கு இன்றும் ஒப்பவில்லை. கிரிம் கதையின் முடிவு மிகக் கொடூரம். ஸ்னோ ஒயிட்டின் திருமணத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் அவள் சாகும்வரை ஆடவேண்டும். அதைத் திரைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திருமணத்துக்கு அவள் எப்படி வந்தாள் என்பதைப் பார்க்க வேண்டும். போகவே பிடிக்கவில்லை, ஆனாலும் அந்த இளம் அரசியைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய பொறாமையே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறது.

காஸ்டனுக்கும் அப்படித்தான். உயிர்ப்பிச்சை கிடைத்த பிறகும் பின்னால் ஏறிவந்து மிருகத்தைக் குத்துகிறான், அதனால்தான் நிலைதடுமாறி விழுகிறான். கோதெல் ஜன்னலிலிருந்து விழுவதற்கு முன் அந்த முடி வெட்டப்பட்டுப் பழுப்பாகிறது. இரண்டு கையாலும் அதை அள்ளிப் பிடித்துக்கொண்டே கிழவியாகிறாள். அவள் தோற்றது அந்த இடத்தில்தான், ஜன்னல் அதற்கப்புறம். காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து வைக்கும் உங்கள் ஸ்டோரிபோர்டில் வில்லி விழும் காட்சிக்கு நாற்பது படங்களும், அவள் ஆசைப்பட்டது கைநழுவும் காட்சிக்கு ஒரே ஒரு படமும் இருந்தால், அந்தக் கணக்கை மாற்றி வரையுங்கள்.