புது ஸ்மார்ட் பல்பு வைஃபையில் சேர அடம்பிடிக்கிறதா?

ஸ்மார்ட் பல்பையோ ஸ்மார்ட் பிளக்கையோ குறை சொல்வதற்கு முன் ரவுட்டரைப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். புது ரவுட்டர்களோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டும். போன் 5-இல் ஒட்டிக்கொள்ளும். பல்பை இணைக்கும் ஆப் 90 சதவீதம் வரை ஓடிவிட்டு 'இணைக்க முடியவில்லை' என்று கைவிரிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ரவுட்டர் செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு பல்பைச் சேருங்கள். சேர்ந்ததும் திரும்பப் போட்டுவிடலாம். அங்கே வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-வும் ஏற்கும்படி மாற்றுங்கள். பழைய சிப்புகளுக்கு 3 புரியாது.

போனில் விபிஎன், மொபைல் டேட்டா இரண்டையும் நிறுத்துங்கள். லொக்கேஷன் அனுமதி கொடுங்கள். (பல்புக்கு எதற்கு லொக்கேஷன் என்று எரிச்சல் வரும், அது இல்லாமல் ஆண்ட்ராய்டு பக்கத்து வைஃபை பெயர்களை ஆப்புக்குக் காட்டாது.)

பல பல்புகள் வேகமாகக் கண் சிமிட்டினால் இணையத் தயார் என்று அர்த்தம். சிமிட்டாவிட்டால் சுவிட்சை நிதானமாக 3 முதல் 5 தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். சரியான எண்ணிக்கை பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும்.