நெஞ்சு சளிக்கு அயர்லாந்துக்காரங்க காய்ச்சுற கேரகீன் பால்

அயர்லாந்து மேற்குக் கரை கிராமங்கள்ல, கிளேர், கால்வே, டோனகால் பக்கமெல்லாம், இருமல் விடாம வந்தா பெரியவங்க காய்ச்சிக் குடுக்குறது கேரகீன் பால். கேரகீன்ங்கிறது கடல் பாறைய ஒட்டி வளர்ற ஒரு பாசி, ஐரிஷ்ல அந்தப் பேருக்கு சின்னப் பாறைன்னு அர்த்தம்.

அமாவாசை பௌர்ணமிய ஒட்டி கடல் நல்லா உள்வாங்கும்ல, அப்பதான் போய் எடுப்பாங்க. அடியோட பிடுங்காதீங்க, கத்தரிக்கோலால வெட்டுங்க, அடி இருந்தாதான் திரும்ப வளரும். வீட்டுக்குக் கொண்டுவந்து புல்லு மேல பரப்பி வெயில்லயும் மழையிலயும் பல நாள் போட்டு புரட்டிப் புரட்டி விட்டா கருஞ்சிவப்பு வெளுத்து வெளிர்மஞ்சள் ஆயிடும், அப்புறம் நல்லா காயவச்சா வருஷக்கணக்கா இருக்கும்.

காய்ச்சுறதுக்கு முன்னாடி பச்சத் தண்ணியில 10, 15 நிமிஷம் ஊறவச்சு மண்ணு சிப்பியெல்லாம் அலசிடுங்க. 900 மில்லி பாலுக்கு 7 கிராம் போட்டா ஆறினதும் புட்டிங் மாதிரி உறைஞ்சிடும், குடிக்கிறதுக்கு அதுல பாதி போதும். சின்ன தீயில 20 நிமிஷம், அடிபிடிக்காம கிண்டிகிட்டே இருங்க, வடிகட்டும்போது கரண்டியால நல்லா அழுத்தி அந்த வழவழப்பையும் எடுத்துடுங்க, அதுலதான் விஷயமே இருக்கு. தேன் கலந்து சூடா குடிக்கலாம், ஒரு வயசுக்குக் கீழ குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. எலுமிச்சை வேணும்னா பாலுக்கு பதிலா தண்ணியில காய்ச்சுங்க, இல்லன்னா திரிஞ்சிடும்.

அந்த வழவழப்பு தொண்டையில படியுறதால எரிச்சல் அடங்குது, கிருமிய கொல்லாது, அதனால காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தா டாக்டர்கிட்ட போயிடுங்க. தைராய்டு பிரச்சனை இருக்கிறவங்களும் கேட்டுட்டு குடிங்க, கடல்பாசியில அயோடின் இருக்கு.

இந்த மாதிரி வைத்தியத்தையெல்லாம் 1937ல இருந்து 1939 வரைக்கும் அயர்லாந்து பள்ளிக்கூடப் பசங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டு நோட்டுல எழுதி வச்சாங்க, இன்னிக்கு இணையத்துல இலவசமாவே படிக்கலாம், அவ்ளோ பெரிய பொக்கிஷம் அது. மே மாசம் மூணு தடவ நெட்டில்ங்கிற, தொட்டா அரிக்கிற செடியோட கீரை சாப்பிட்டா ரத்தம் சுத்தமாகும், வெட்டுக்காயத்துல ஸ்லான்லஸ்ங்கிற (இங்கிலீஷ்ல ரிப்வொர்ட் பிளான்டைன்) செடியோட இலைய மென்னு வச்சா ரத்தம் நிக்கும்னெல்லாம் வரும். ஆனா எலும்பு முறிவுக்குன்னு சொல்ற காம்ஃப்ரே செடிய மட்டும் கஷாயமா வச்சு குடிச்சிடாதீங்க, ஈரல கெடுக்கும், தோல் கிழிஞ்ச புண்ணு மேலயும் வைக்காதீங்க.